பெரிய வைர மரம் அறுக்க எந்த பார், எந்த செயின்? செயின்சா வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டடி, மூன்றடி விட்டமுள்ள மரம் ஒன்று அறுப்புக்கு வந்துவிட்டால், பலரும் முதலில் தேடுவது நீளமான பாரைத்தான், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை. தவறு அங்கேதான் தொடங்குகிறது. வைரம் பாய்ந்த மரத்தில் எஞ்சின் இழுக்கக்கூடிய செயின் எது, அதன் கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற இரண்டையும் முதலில் தீர்மானிக்க வேண்டும். நீளம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றையும் அந்த வரிசையில் யோசித்தே எழுதியிருக்கிறேன்.

மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. பார் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

எஞ்சின் எத்தனை சிசி என்று பாருங்கள். அடுத்து, அந்த மாடலுக்கு அதிகபட்சம் எவ்வளவு நீள பார் போடலாம் என்று கையேட்டில் பாருங்கள். அந்த அதிகபட்சம் பொதுவாகச் சொன்னது. கடின மரத்தில் பார் முழுவதும் புதைந்து ஓட வேண்டியிருந்தால், அதிலிருந்து ஒரு அளவு குறைத்துக்கொள்வதே என் வழக்கம்.

50 சிசி மெஷினுக்கு 16 அல்லது 18 அங்குலம், 60 சிசிக்கு 20, 70 சிசிக்கு மேல் 24, 90 சிசியும் அதற்கு மேலும் இருந்தால் 28 முதல் 36 வரை. கடின மரத்துக்கு நான் பின்பற்றும் கணக்கு இதுதான். மென்மரம் அறுப்பவர்கள் இதைவிட நீளமாகப் போட்டு ஓட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் போட்டால் வெட்டின் பாதியில் எஞ்சின் திணறி, சுற்று இறங்கி, கிளட்ச் வழுக்கிச் சூடாகும்.

மரத்தின் விட்டத்தைவிட பார் நீளமாக இருந்தே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கீழே கிடக்கும் தண்டை இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால், 20 அங்குல பாரால் 3 அடிக்குச் சற்றே குறைந்த விட்டம்வரை போகலாம். முதல் வெட்டின் கோடு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். தண்டைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டால் இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தேடி வந்து சேரும்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது வேறு விஷயம். பாரின் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பெரிய மரத்தின் பின்வெட்டை, அதாவது சாயும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து போடும் வெட்டைப் போடுவது ஆபத்து. இரண்டு பக்கமிருந்து வெட்டிச் சாய்க்கும் முறை இருக்கிறது. ஆனால் அதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும். படித்துவிட்டு இறங்குகிற வேலை இல்லை அது.

பிட்ச், கேஜ் என்கிறார்களே, இரண்டும் என்ன?

செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து, அதைப் பாதியாக்கினால் பிட்ச். பாரின் விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளம் காடி. செயினின் அடியில் நீட்டிக்கொண்டு அந்தக் காடிக்குள் ஓடும் கொக்கி டிரைவ் லிங்க். அதன் தடிமன்தான் கேஜ்.

பிட்சில் நாம் அதிகம் பார்ப்பவை 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம். கேஜில் 0.050, 0.058, 0.063, அதாவது 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். பிட்ச் ஸ்ப்ராக்கெட்டோடும் (எஞ்சின் பக்கம் செயினை இழுத்து ஓட்டும் பல் சக்கரம்) பாரின் முனைச் சக்கரத்தோடும் பொருந்த வேண்டும். கேஜ் பாரின் காடியோடு பொருந்த வேண்டும். 0.063 காடியில் 0.050 செயின் உட்காரும், ஓடவும் ஓடும். ஆனால் பக்கவாட்டில் ஆடி, வெட்டு கோணலாகி, சீக்கிரமே காடியைக் கெடுத்துவிடும்.

பெரிய கடின மரத்துக்கு எது? 60 முதல் 90 சிசி வரை முழு அளவு 3/8 பிட்ச்தான் என் தேர்வு. 50 சிசி மெஷினுக்கு 0.325 பொருந்தும்; பல் சிறியது என்பதால் எஞ்சினுக்குச் சுமை குறைவு. 0.404 தடிமனான, உறுதியான செயின். 90 சிசிக்கு மேல், மிக நீளமான பார் போட்டு அறுப்பவர்களுக்கானது அது. அதன் வெட்டு அகலமும் அதிகம், அதனால் எஞ்சின் அவ்வளவு மரத்தையும் தின்றாக வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: 3/8 லோ புரொஃபைல் என்று ஒரு செயின் உண்டு. சின்ன மெஷின்களுக்கானது. பெயரில் 3/8 இருப்பதைப் பார்த்து அதை முழு அளவு 3/8 என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

20 அங்குல செயின் என்று கேட்டால் போதாதா?

போதாது. ஒரே 20 அங்குல 3/8 பாருக்கு ஒரு மெஷினில் 70 டிரைவ் லிங்க், இன்னொன்றில் 72 வரும். பாரின் அடிப்பகுதியில் பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் பழைய செயினைத் தரையில் விரித்துப் போட்டு, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஐந்து ஐந்தாக மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டால் எண்ணிக்கை பிசகாது.

பாரின் அடியில் இருக்கும் நீள்துளையும் எண்ணெய்த் துளையும் மெஷினுக்கு மெஷின் வேறு. நீளம் ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் பார் இன்னொன்றில் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

ஃபுல் சிசெல், செமி சிசெல்: கடின மரத்துக்கு எது?

அதிகம் வாதம் நடப்பது இதில்தான். ஃபுல் சிசெல் பல்லின் மூலை சதுரமாக, கத்தி முனை மாதிரி இருக்கும். செமி சிசெல்லில் அந்த மூலை கொஞ்சம் உருண்டிருக்கும். மரத்தின் நாரை முதலில் அறுப்பது அந்த மூலைதான். சதுர மூலை வேகமாக அறுக்கும். ஆனால் அதன் முனை மெல்லியது, ஒரு முறை மண்ணிலோ மணலேறிய பட்டையிலோ பட்டால் போய்விடும். உருண்ட மூலை கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் கூர் அதிக நேரம் நிற்கும்.

அதனால் நான் மரத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, நிலையைப் பார்க்கிறேன். அன்றைக்கு வெட்டிய, ஈரமுள்ள, பட்டை சுத்தமான தண்டு என்றால் எவ்வளவு கடின மரமாக இருந்தாலும் ஃபுல் சிசெல் அருமையாக ஓடும். காய்ந்து நிற்கும் மரம், தரையில் இழுத்து வந்த தண்டு, வெள்ளத்தில் வந்து சேர்ந்த மரம், இவற்றுக்கெல்லாம் செமி சிசெல். ஒரே ஒரு செயின்தான் வாங்க முடியும் என்றால் செமி சிசெல்லே வாங்குங்கள். ஒரு வெட்டில் பத்து விநாடி மிச்சம் பிடிப்பதைவிட, நாலு வெட்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து அரம் போடாமல் இருப்பது பெரிய லாபம்.

ஸ்கிப் செயின் எதற்கு? பல் குறைந்தால் வேகமும் குறையாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3/8 பிட்சில் வழக்கமான செயினில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பல். 30 அங்குலத் தண்டுக்குள் பார் புதைந்து ஓடும்போது ஒரே நேரத்தில் 20 பற்கள் மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். அத்தனை பல்லையும் எஞ்சின் இழுக்க வேண்டும். அத்தனை பல்லும் சீவியதை, மரத்தை விட்டு வெளியே வரும்வரை சுமந்தும் செல்ல வேண்டும். பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி நிரம்பிவிட்டால் புதிதாகச் சீவ இடமில்லை. செயின் சும்மா உரசும்.

ஃபுல் ஸ்கிப் செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் இடையே இன்னொரு இணைப்பு கூடுதலாக வரும். அதே 30 அங்குலத்தில் 13 பற்கள்தான் இருக்கும். சுமை குறைவதால் சுற்று இறங்காது, சீவல் போக இடமும் உண்டு. வேகம் குறைவதற்குப் பதில் சில சமயம் கூடவே செய்யும். இன்னொரு லாபம் அரம் போடும்போது தெரியும். 36 அங்குல பாரில் 114 டிரைவ் லிங்க் செயின் என்றால், முழுப் பல் செயினில் 57 பல் தீட்ட வேண்டும், ஸ்கிப்பில் 38.

24 அங்குலம்வரை முழுப் பல் செயினே போதும். 28க்கு மேல், அதிலும் எஞ்சின் சற்றுக் குறைவாக இருந்தால், ஸ்கிப் போடுங்கள். ஆனால் சின்னக் கிளைகளை வெட்ட ஸ்கிப் வேண்டாம். மரத்தில் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பல்தான் படும் என்பதால் துள்ளும்.

எல்லாக் கடின மரமும் செயினுக்கு ஒன்றுதானா?

இல்லவே இல்லை. மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா சோதனை என்று ஒன்று இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதிவரை அமுக்க எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். வெள்ளை ஓக் சுமார் 1,360 பவுண்டு விசை வரும். தென் அமெரிக்காவின் இபே மரம் 3,500ஐத் தொடும். தேக்கு இந்தக் கணக்கில் ஓக்கைவிடக் குறைவுதான். ஆனாலும் தேக்கு அறுத்தவர்களுக்குத் தெரியும், செயின் எவ்வளவு சீக்கிரம் மொண்ணையாகும் என்று. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். மரத்துக்குள்ளேயே பொடி மணலைக் கலந்து வைத்த மாதிரி.

ஈரமும் முக்கியம். அதே மரம் பச்சையாக இருக்கும்போது ஒரு விதம், இரண்டு வருடம் காய்ந்த பிறகு வேறு விதம். அப்புறம் ஆணி. வேலியோரமாக, வீட்டை ஒட்டி வளர்ந்த பழைய மரங்களில் கம்பியோ ஆணியோ உள்ளே புதைந்து, மேலே மரம் வளர்ந்து மூடியிருக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரங்களில் இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கருநீலக் கறை படியும். ஒரு முறை முதல் துண்டை அறுத்துத் தள்ளியதும், வெட்டு முகத்தில் மை கொட்டினது போல் விரலளவு கறை ஒன்று தெரிந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அரையடி தள்ளி அடுத்த வெட்டைப் போட்டேன். தீப்பொறி பறந்தது. ஒரு பக்கத்துப் பற்கள் பாதிக்கு மேல் முனை மழுங்கிப்போயின. அதிலிருந்து கருநீலம் கண்டால் நிறுத்தி, கறை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

பாரில் என்னென்ன வகை இருக்கிறது?

மூன்று தகடுகளைச் சேர்த்துச் செய்த லேமினேட்டட் பார், ஒரே எஃகில் செய்து முனையை மட்டும் மாற்றக்கூடிய சாலிட் பார், முனையில் சக்கரமே இல்லாமல் கடின உலோகம் பூசிய ஹார்ட் நோஸ் பார். நாள்தோறும் பெரிய மரம் அறுப்பவருக்கு முனை மாற்றக்கூடிய சாலிட் பார்தான் சரி. பளுவைத் தாங்கும், வளைந்துகொடுக்காது. முனைச் சக்கரம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

எப்போதாவது அறுப்பவருக்கு 20 அங்குலம்வரை லேமினேட்டட் போதும், எடையும் குறைவு. 28 அங்குலத்துக்கு மேல் போகிறவர்கள் உள்ளே குடைந்து எடை குறைத்த சாலிட் பார்களைப் பார்க்கலாம். முனை கனத்தால் நாள் முழுக்க முன்னால் இழுக்கும் பாரம் முதுகுக்குத்தான் போய்ச் சேரும். ஹார்ட் நோஸ் பார் சேறும் மணலும் உள்ள இடத்துக்கு நல்லது, ஆனால் முனையில் உராய்வு அதிகம்.

நீளமான பார் போட்டதும் செயின் சூடாகிறது, புகைகிறது. ஏன்?

எண்ணெய் முனைவரை போகவில்லை. மெஷினின் எண்ணெய் பம்ப் அதோடு வந்த பாருக்கு ஏற்ப இருக்கும். பார் நீண்டால் எண்ணெயும் கூட வேண்டும். பம்பில் சரிசெய்யும் திருகு இருந்தால் அதிகபட்சத்துக்கு வையுங்கள். சில மாடல்களுக்கு அதிக எண்ணெய் தரும் பம்ப் தனியாகவே கிடைக்கிறது. போதுமான எண்ணெய் வருகிறதா என்று அறிய, பாரின் முனையை வெளிறிய மரக்கட்டைக்கோ அட்டைக்கோ சற்று மேலே பிடித்து மெஷினை முடுக்குங்கள். சில நொடிகளில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் எண்ணெய்த் துளையிலும் பாரின் காடியிலும் மரத்தூள் அடைத்திருக்கும். முதலில் அதைச் சுரண்டி எடுங்கள்.

எண்ணெய் சரியாக இருந்தும் புகைந்தால் செயின் மழுங்கியிருக்கிறது.

செயின் மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டிலிருந்து விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். விரலில் தேய்த்தால் ஓரம் தட்டுப்படும். மழுங்கிய செயின் மாவு மாதிரித் தூளாகத் தரும். காய்ந்த வைர மரத்தில் நல்ல செயினும் கொஞ்சம் பொடியாகத்தான் தரும் என்பதால், அதே மரத்தில் முதல் வெட்டின் சீவலை நினைவில் வைத்து ஒப்பிடுங்கள். மெஷினை நீங்கள் அழுத்த வேண்டி வந்தாலும் அதே அர்த்தம். கூரான செயின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும்.

செயின் பல்லின் கதை எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பஃபோர்ட் காக்ஸ் 1946இல் ஒரு வண்டின் புழு மரத்தைத் தின்பதைக் கவனித்தார். நாரோட்டமாகவும் குறுக்காகவும் ஒரே மாதிரி எளிதாக அது தின்றுகொண்டு போனது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதைப் பார்த்து அதே அமைப்பில் செயின் பல்லை உருவாக்கினார். இன்றைக்கும் செயினில் ஒரு பல் இடம், ஒரு பல் வலம் என்று வருவது அந்தப் புழுவின் தாடை அமைப்புதான்.

எந்த அரம், எந்தக் கோணம்?

0.325க்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 3/8க்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. 0.404க்குப் பெரும்பாலும் 5.5. செயின் வந்த பெட்டியில் எழுதியிருப்பதே கடைசிச் சொல். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தளத்துக்கு மேலே தெரிய வேண்டும். மேல்தளக் கோணம், அதாவது பல்லின் மேல்தளத்து வெட்டு விளிம்பு சாய்ந்திருக்கும் கோணம், வழக்கமாக 30 பாகை. காய்ந்த கடின மரத்துக்கு நான் 25க்குக் குறைத்துவிடுவேன். வேகம் ஒரு துளி குறையும், முனை நிற்கும்.

தள்ளும்போது மட்டும் அரம் பல்லில் படட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. மூன்று தடவை என்றால் மூன்றே தடவை.

ரேக்கரை இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வேகமாக அறுக்குமே?

பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு முனைதான் ரேக்கர். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுவே. 3/8, 0.325 இரண்டுக்கும் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும், 0.404க்கு 0.8. மென்மரத்தில் இதைவிடத் தாழ்த்துபவர்கள் உண்டு. கடின மரத்தில் தயவுசெய்து வேண்டாம். பல் அளவுக்கு மீறிக் கடித்து, மெஷின் வெட்டி வெட்டி இழுத்து, பாதியில் நின்றுபோகும். கிக்பேக், அதாவது பார் உங்களை நோக்கி எகிறும் ஆபத்தும் கூடும். தட்டை அரமும் அளவுத் தகடும் வைத்து, நாலைந்து முறை தீட்டியதும் ஒரு தடவை சரிபாருங்கள்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது. செயினா, பாரா?

முதலில் செயின். ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிட நீளமாகவோ கூராகவோ இருந்தால் வெட்டு அந்தக் கூரான பக்கமே இழுத்துப் போகும். வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் அரைகுறையாகவும் அரம் விழுவது சகஜம். செயின் சரியாக இருந்தால் பாரைக் கழற்றி, காடியின் இரு விளிம்புக்கும் குறுக்கே ஒரு மூலை மட்டத்தை வையுங்கள். ஒரு விளிம்பு உயர்ந்திருந்தால் அல்லது வெளியே மடிந்திருந்தால் தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். ஒவ்வொரு முறை செயின் மாற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இந்தத் தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாகும்.

பெரிய மரத்தில் பார் சிக்கிக்கொள்கிறது. பார் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. தண்டின் எடை எந்தப் பக்கம் அமுக்குகிறது என்று பார்க்காமல் வெட்டியதுதான் காரணம். இரண்டு முனையும் தாங்கிக் கிடக்கும் தண்டில் மேல்பக்கம் நெருங்கும், ஒரு முனை தொங்கும் தண்டில் கீழ்ப்பக்கம் நெருங்கும். நெருங்கும் பக்கத்தில் முதலில் கொஞ்சம் வெட்டிவிட்டு, மீதியை எதிர்ப்பக்கமிருந்து முடியுங்கள். மேலிருந்து அறுக்கும்போது பார் முழுதும் உள்ளே போனதும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு அடித்துவிடுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் தீர்ந்தது.

நீள பாரில் கிக்பேக் அதிகமா?

பாரின் முனையில் மேல் கால்பகுதி மரத்தில் மோதினால் பார் உங்களை நோக்கி எகிறும். பொதுவாக முனை அகலமான பாரில் இந்த வேகம் அதிகம். பாரின் முனை வெட்டின் மறுபக்கம் வேறொரு கிளையிலோ தண்டிலோ படுகிறதா என்று பார்க்காமல் ஒருபோதும் முடுக்காதீர்கள். செயின் பிரேக், கால் பாதுகாப்பு உடை, தலைக்கவசம், காது மூடி இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். 7 பல் ஸ்ப்ராக்கெட்டில் 3/8 செயின், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கை விலக்க நேரம் கிடைக்காது.

அதே பாரில் பலகை அறுக்கலாமா?

பார் அதேதான், செயின் வேறு. நாரோட்டமாக அறுக்க 10 பாகை மேல்தளக் கோணமுள்ள ரிப்பிங் செயின் வாங்குங்கள். பலகை முகம் வழுவழுப்பாக வரும். பலகை அறுப்பில் எஞ்சின் இடைவிடாமல் முழுச் சுமையில் ஓடும் என்பதால் 70 சிசிக்குக் குறைந்த மெஷினைக் கொடுமைப்படுத்த வேண்டாம்.

கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) பல் செயின்?

அழுக்கு மரத்துக்கும் வேர் வெட்டுவதற்கும் நல்லது. விலை அதிகம், சாதாரண அரத்தால் தீட்ட முடியாது, வைரக்கல் துகள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும். சுத்தமான கடின மரத்துக்குத் தேவையில்லை.

புதுச் செயின் மாட்டினால் போதுமா? ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டுமா?

இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பல்லில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் ஓடினால் செயினும் அதே அளவுக்குத் தேயும்.

புதுச் செயினை முந்தைய இரவே எண்ணெயில் ஊறவைத்தால் ரிவெட்டுகளுக்குள் எண்ணெய் இறங்கும். மாட்டியதும் சில நிமிடம் குறைந்த வேகத்தில் சும்மா ஓடவிட்டு, ஆறியபின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். இறுக்கும்போது பாரின் முனையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்க வேண்டும். செயின் பாரின் அடிப்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனாலும் கையுறை போட்ட கையால் சுற்றி இழுக்க வர வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி, பேரிங்கை இழுத்துப் பிடித்துவிடும்.

எத்தனை செயின் வைத்துக்கொள்வது?

குறைந்தது மூன்று. மூன்றும் ஒரே நாளில் வாங்கியதாக, ஒரே வகையாக இருக்கட்டும். பெரிய தண்டு அறுக்கப் போகும்போது தீட்டிய மூன்றையும் எடுத்துப் போய், மழுங்கியதும் கழற்றி அடுத்ததை மாட்டுங்கள். வெயிலில், மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து அவசரமாகப் போடும் அரத்தைவிட, மாலையில் பாரை வைஸில் பிடித்து நல்ல வெளிச்சத்தில் போடும் அரம் எப்போதும் நேராக விழும். மூன்றையும் சுழற்சியில் ஓட்டினால் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேர்ந்தே தேயும், ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருக்காது.